நீர் காணாத கால்வாய்

சைக்கிளில் ஊர் சுற்ற விரும்புகிறவனை மலைநாட்டைப் போல ஆசை காட்டி ஏய்க்கும் நிலம் வேறில்லை. தொலைவிலிருந்து நோக்கும்போது பச்சைப் புல்வெளியும், கற்களை அடுக்கிய சுவர்களும், பள்ளத்தாக்கில் ஒரு மாதா கோயில் கோபுரமும் அவனை வாவென்று அழைக்கின்றன. அருகில் சென்றாலோ முதல் மேட்டிலேயே மூச்சு இரைக்கிறது. இறங்கித் தள்ளுகிறான். சற்றே இளைப்பாற ஒதுங்கி நின்றால், முழங்கையை உரசினாற்போல ஒரு மோட்டார் லாரி போகிறது. ஏற்றம், மோட்டார் என்னும் இவ்விரண்டு தொல்லைகளும் இல்லாமல் குன்றுகளின் தலைமேலேயே மைல்கணக்காகச் சைக்கிளில் போகலாம் என்று ஒருவர் சொன்னால், அதை நான் கதையென்றே கொண்டிருப்பேன்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டார்பிஷயர் மாவட்டத்தில், அத்தகைய பாதை ஒன்று உண்டு. ஹை பீக் டிரெயில் என்பது அதன் பெயர். நீளம் 17 மைலுக்குச் சற்று மேல். கிராம்ஃபோர்டு என்னும் பழைய சிற்றூரின் அருகே அது தொடங்குகிறது. சைக்கிள்காரருக்கென்று அதை எவரும் வெட்டவில்லை. தண்ணீருக்காக நினைக்கப்பட்டு, குதிரைகளுக்காகப் போடப்பட்டு, பின்னர் நீராவி எஞ்சின்களின் ஆட்சிக்கு உட்பட்டு, கடைசியில் எவருக்கும் வேண்டாததாகிப் போன பாதை அது. அதன் வரலாற்றையே இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில், இரவல் வாங்கிய சைக்கிள் ஒன்றில் அவ்வழியே சென்றவன் என்பதைத் தவிர, இதைப் பற்றிப் பேச எனக்குத் தனித் தகுதி ஒன்றும் இல்லை.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். கிராம்ஃபோர்டு நமக்கு முற்றிலும் அயலூர் அன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பருத்தித் துணிகளை இங்கிலாந்து நாட்டுப் பெண்மணிகள் விரும்பி உடுத்தினார்கள். சாயம் வெளுக்காத அந்த அச்சுத் துணிகளின் முன் தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அந்நாட்டுக் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் கூக்குரலிட்டார்கள். பார்லிமெண்டு 1700இல் அத்துணிகளின் இறக்குமதியைத் தடுத்தது. 1721இல் பருத்தி அச்சுத் துணியை உடுத்துவதையே பெரும்பாலும் குற்றமாக்கியது. தடுத்தும் என்ன பயன்? அந்நாட்டார் கையால் நூற்ற பருத்தி நூல், தறியில் இழுத்துக் கட்டினால் தாங்காது. ஆகவே பாவுக்கு லினன் நூலையும் ஊடைக்கு மட்டும் பருத்தியையும் கலந்து நெய்துவந்தார்கள். நம் சிற்றூர்களில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து நூற்ற நூல் பாவாக நின்றது; அவர்கள் நூல் நிற்கவில்லை.

இந்தக் குறையைத் தீர்த்தவர் ரிச்சர்டு ஆர்க்ரைட். பிரஸ்டன் நகரத்தில் பிறந்தவர். முடி திருத்துவதும் பொய்முடி செய்து விற்பதும் அவருடைய தொழில். பல உருளைகளின் இடையே பஞ்சை இழுத்து முறுக்கேற்றும் எந்திரம் ஒன்றுக்கு 1769இல் அவர் உரிமை பெற்றார். 1771இல் கிராம்ஃபோர்டுக்கு வந்து, அதை நீராற்றலால் ஓட்டும் ஆலையைக் கட்டத் தொடங்கினார். அவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அருகிலுள்ள ஈயச் சுரங்கங்களிலிருந்து வடிந்துவரும் நீர் சற்று வெதுவெதுப்பானது. ஆகவே குளிர்காலத்திலும் உறைவது அரிது. பாவு நூல் கிடைத்துவிட்டது. உடனே, பழைய தடைச் சட்டம் தமக்கே இடையூறாயிருப்பதைக் கண்டு, உள்நாட்டில் நெய்த முழுப் பருத்தித் துணிக்கு 1774இல் பார்லிமெண்டினிடம் விலக்கும் பெற்றுக்கொண்டார். அடுத்த நூற்றாண்டில் ஆலை நூல் கடல்தாண்டி நம் தறிகளுக்கே வந்து சேர்ந்ததும், திண்ணையில் சுழன்ற ராட்டினங்கள் ஓய்ந்ததும் நாம் அறிந்த கதை.

ஆலைக்கு ஆள் வேண்டுமே! 1776இல் வடக்குத் தெரு என்ற பெயரில் மூன்றடுக்குக் கல்வீடுகளை ஆர்க்ரைட் வரிசையாகக் கட்டினார். பிள்ளைகள் மிகுந்த குடும்பங்களுக்கே அங்கு வரவேற்பு. அப்பிள்ளைகள் ஆலையில் நூற்றார்கள். மேல்மாடியில் தறிபோட்டுத் தகப்பனார் நெய்தார். எந்திரங்கள் இரவும் பகலும் ஓடின. ஏழெட்டு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் உழைத்தார்கள். அவருடைய உரிமை செல்லாதென்று 1785இல் நீதிமன்றம் தீர்த்தது. மறு ஆண்டே அரசர் அவருக்கு 'சர்' பட்டம் அளித்தார்! 1792இல் ஆர்க்ரைட் மறைந்தார். அந்தத் தெரு இன்றும் இருக்கிறது. சன்னலோரங்களில் பூந்தொட்டிகளுடன் மிக அழகாக இருக்கிறது. மேல்மாடியின் நீண்ட சன்னல் வரிசையை, தறிக்கு வெளிச்சம் வேண்டி வைத்த அந்தச் சன்னல்களை, நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வூரை வையவும் எனக்கு மனமில்லை. வாழ்த்தவும் வாய் வரவில்லை. டெர்வென்ட் பள்ளத்தாக்கின் ஆலைகளை உலகப் பண்பாட்டுச் சின்னங்களின் பட்டியலில் 2001இல் சேர்த்தார்கள். சேர்க்க வேண்டியதுதான். உலகத்தின் போக்கையே மாற்றிய இடம் அது. மாறிய உலகில் நம் நெசவாளரும் இருந்தார்கள்.

ஆலையும் சுரங்கமும் பெருகவே சரக்குப் போக்குவரத்தும் பெருகிற்று. 1794இல் கிராம்ஃபோர்டு கால்வாய் முடிந்தது. படகுகள் தெற்கு நோக்கி எளிதாகச் சென்றன. ஆனால் பெருஞ்சந்தையான மான்செஸ்டர் இருந்ததோ வடமேற்கில். நடுவே குறுக்கிட்டது சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். அதன்மேல் ஒரு கால்வாயைக் கொண்டுபோய் அப்பாலிருந்த கால்வாயுடன் இணைத்துவிட்டால் நெடுந்தூரம் சுற்றிப்போக வேண்டியதில்லை என்று செல்வர்கள் எண்ணினார்கள்.

சென்னையில் பக்கிங்காம் கால்வாயைப் பார்த்தவர்களுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும். கால்வாய் சரிவில் ஓடாது, மட்டமாகவே கிடக்கும். நிலம் உயரும் இடத்தில், இரண்டு பக்கமும் கதவிட்ட தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் நீரை நிரப்பிப் படகை மேலே தூக்குவார்கள். 'லாக்' என்பார்கள். ஒவ்வொரு படகு ஏறி இறங்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடும். அதை ஈடுசெய்ய உச்சியில் நீர் வேண்டும். டார்பிஷயர் மேட்டில் மழைக்குக் குறைவில்லை. ஆயினும் விழுந்த மழையைச் சுண்ணாம்புப் பாறை சல்லடைபோல் குடித்துவிடுகிறது. உச்சியில் ஓர் ஓடையும் நிற்பதில்லை. கால்வாய்த் திட்டம் தண்ணீரில்லாமல் கைவிடப்பட்டது.

ஆனால் கால்வாய் என்ற எண்ணம் கைவிடப்படவில்லை. நான் சொல்ல வந்ததன் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. கிராம்ஃபோர்டு கால்வாயைக் கட்டியவர்களுள் ஒருவரான வில்லியம் ஜெசப்பின் மகன் ஜோசையஸ் ஜெசப், தண்ணீருக்குப் பதிலாக இரும்புத் தண்டவாளத்தை இடலாம் என்றார். 1825இல் பார்லிமெண்டு அனுமதித்தது. தந்தையின் பட்டறையில் பயின்றவராதலால் மகனும் கால்வாய்க்காரரைப் போலவே சிந்தித்தார். ஏற்றத்தையெல்லாம் சில இடங்களில் திரட்டி வைத்துவிட்டார். மற்ற இடங்களில் பாதை மலையின் இடுப்பைச் சுற்றி மட்டமாகவே சென்றது. தொட்டிக் கதவுகள் இருந்திருக்க வேண்டிய இடங்களில் செங்குத்தான சரிவுகளை அமைத்து, உச்சியில் நிலையாக நின்ற நீராவி எந்திரம் வண்டிகளைச் சங்கிலியால் இழுக்கும்படி செய்தார். பழனியில் விஞ்சு ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 33 மைலில் மொத்தம் ஒன்பது சரிவுகள். கிராம்ஃபோர்டிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ ஆயிரம் அடி ஏற்றம். மட்டமான பகுதிகளில் குதிரைகள் இழுத்தன. வேலை தொடங்கிச் சிறிது காலத்தில், 1826இல், ஜெசப் இறந்துபோனார். பாதையின் ஒரு பாதி 1830இலும் மறு பாதி 1831இலும் திறக்கப்பட்டன. சரக்கு ஏற்றி இறக்கும் இடங்களை 'ஸ்டேஷன்' என்று அவர்கள் சொல்லவில்லை. படகுத் துறைகளுக்கு உரிய பெயரையே இட்டார்கள். சொட்டு நீரில்லாத மலைமேல் துறை!

பாவம், பிறக்கும்போதே அது கிழடு தட்டிய குழந்தை. அதே 1830இல் லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ஓடும் எஞ்சின்கள் ரயிலை இழுக்கத் தொடங்கிவிட்டன. சங்கிலியும் குதிரையுமாக நின்ற இந்தப் பாதை தன் முதலாளிகளுக்குப் பெரும் இலாபம் எதையும் ஈட்டித் தரவில்லை.

கால்வாயின் கரையிலிருந்து நான் புறப்பட்டேன். அங்கே பழைய பட்டறை ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதனுள் மீன் வயிறுபோல நடுவில் பருத்த பழங்காலத் தண்டவாளங்கள் இட்ட இடத்திலேயே இருக்கின்றன. அந்நாளில் குறுக்குக் கட்டைகள் போடவில்லை. குதிரையின் கால் இடறும் அல்லவா? இரண்டு பக்கமும் தனித்தனிக் கற்களைப் புதைத்து அவற்றின்மேல் தண்டவாளத்தைப் பொருத்தினார்கள்.

பட்டறையைத் தாண்டியதும் முதல் சரிவு. எட்டடி நடந்தால் ஓரடி உயரம். இப்படியே முக்கால் மைல். சைக்கிளில் ஏறி மிதிப்பதென்ற பேச்சே இல்லை. இறங்கித் தள்ளினேன். வழியில் பாதையோரத்தில் ஆழமான குழி ஒன்றைக் கண்டேன். 1888இல் மேலிருந்து அறுந்துவந்த வண்டிகள், கீழே இருந்த கால்வாயையும் பெரிய ரயில் பாதையையும் ஒரே தாவாகத் தாண்டி அப்பால் போய் விழுந்தனவாம். அதன் பிறகு, ஓடிவரும் வண்டியைத் திருப்பி வீழ்த்துவதற்கென்று அந்தக் குழியை வெட்டினார்கள். பின்னாளில் விழுந்த வண்டி ஒன்றின் எலும்புக்கூடு இன்னும் அதனுள் துருப்பிடித்துக் கிடக்கிறது. இந்தச் சரிவில் வேலை செய்தவர்கள் நாள்தோறும் எதை எதிர்நோக்கினார்கள் என்பதை எந்தக் கல்வெட்டும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

இரண்டாவது சரிவின் தலையில், மிடில்டனில், எந்திரக் கூடம் நிற்கிறது. பட்டர்லி கம்பெனியார் 1829இல் செய்துகொடுத்த எந்திரம் 1963 வரை ஊழியம் புரிந்தது. சங்கிலி போய்க் கம்பிவடம் வந்தது; குதிரை போய் எஞ்சின் வந்தது; முதலாளிகள் மாறினார்கள்; அந்த எந்திரம் மட்டும் மாறவில்லை. நீரில்லாத மேட்டில் நீராவிக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். எஞ்சின்களுக்கு வேண்டிய தண்ணீரைத் தொட்டி வண்டிகளில் நிரப்பி, கீழிருந்து அதே சரிவின் வழியாக மேலே இழுத்தார்கள். கால்வாய்க்குக் கிடைக்காத தண்ணீர் வண்டியேறிப் போயிற்று!

மூன்றாவதாக ஹாப்டன் சரிவு. பதினான்கு அடிக்கு ஓரடி. நீலகிரி ரயில் இதைவிடச் சற்றே செங்குத்தான பாதையில், பல்சக்கரத்தின் துணையால் ஏறுகிறது. ஹாப்டனில் பிற்காலத்து எஞ்சின்கள் பல்சக்கரமும் வடமும் இன்றி, தூரத்திலிருந்தே வேகம் பிடித்து ஓடிவந்து ஏறினவாம். அங்கும் நான் நடந்தே போனேன்.

அதற்கு மேல் கால்வாய் தொடங்கியது. அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. ஒரு கணக்கைக் கேளுங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று கொண்டால், எட்டுக்கு ஒன்று என்ற மேட்டில் அந்த எடையின் எட்டில் ஒரு பங்கை, அதாவது 10 கிலோவை, ஓயாமல் தூக்கிக்கொண்டே போகவேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற மேட்டில் ஒரு கிலோவும் இல்லை. சுமை இழுத்த குதிரையின் வலிமையும் மிதிக்கிற மனிதனின் வலிமையும் மிகச் சிறியவை. இருவருக்கும் வேண்டியது ஒன்றே. ஜெசப் குதிரைக்காகச் சேமித்த மட்டம் இருநூறு ஆண்டு கழித்து என் கால்களுக்குக் கிடைத்தது. காலடியில் சன்னமான சரளை, இருபுறமும் தாழ்ந்த கல்சுவர்கள், அப்பால் ஆடுகள். பள்ளத்தாக்குகள் வலத்திலும் இடத்திலும் இறங்கிப் போகின்றன, பாதை இறங்குவதில்லை. மோட்டார் ஓசை இல்லாததால் வானம்பாடியின் குரலும் என் சக்கரத்தின் குரலும் ஒருங்கே கேட்டன. எதிர்க்காற்று மட்டும் யாருக்கும் இரங்காது. அதற்கு ஜெசப் என்ன செய்வார்?

மட்டத்தைக் காப்பதற்கு அவர் பட்ட பாட்டை இரண்டிடங்களில் நன்றாகக் காணலாம். ஒன்று கோத்தம் வளைவு. 55 கஜ ஆரத்தில், செங்கோணத்திற்குச் சற்றே குறைவாக, பாதை சட்டென்று திரும்புகிறது. ரயில் எஞ்சின்கள் அங்கே முனகிக்கொண்டு போயிருக்கவேண்டும். சைக்கிளுக்கோ அது விளையாட்டு. மற்றொன்று மினின்லோ. அங்கே பள்ளத்தின் குறுக்கே கரை கட்டி, அதன் பக்கங்களைச் சாந்தின்றிக் கற்களால் அடுக்கியிருக்கிறார்கள். கோட்டை மதில் என்று மயங்கலாம். அதற்கு மேலே, மரங்கள் சூழ்ந்த குன்றின் தலையில் வரலாற்றுக்கு முற்பட்ட புதைமேடு ஒன்று இருக்கிறது. 'லோ' என்றால் இன்றைய ஆங்கிலத்தில் தாழ்வு. டார்பிஷயரின் ஊர்ப்பெயர்களிலோ அது குன்றும் புதைமேடும் ஆகும். உயர்ந்த இடத்தையெல்லாம் 'லோ' என்று அவர்கள் அழைப்பதைக் கேட்டு முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது.

மிடில்டன் சரிவு 1963இல் மூடப்பட்டது. எஞ்சிய பாதையும் 1967இல் மூடப்பட்டது. இலாபம் தராத ரயில் பாதைகளை நாடெங்கும் பிடுங்கிய காலம் அது. தண்டவாளம் போன பின் நிலத்தைத் துண்டு துண்டாக விற்பது வழக்கம். உழவர் தம் வயலோரத் துண்டை வாங்கிச் சுவரெடுப்பார். ஒருவர் வீடு கட்டுவார். ஒரு பாலம் இடிக்கப்படும். 17 மைலில் ஓரிடத்தில் அறுந்தாலும் பாதை பாதையாக இராது. ஏனென்றால் அதன் சிறப்பெல்லாம் மட்டத்தில் இருக்கிறது. அறுந்த இடத்தில் கீழே இறங்கி மறுபடி ஏறவேண்டிய சைக்கிள்காரன் சாலைக்கே திரும்பிவிடுவான். இதை உணர்ந்து, மாவட்ட ஆட்சி மன்றமும் பீக் தேசியப் பூங்காவின் வாரியமும் 1971இல் பாதையை விலைக்கு வாங்கின. சைக்கிள்காரருக்குக் குதிரைப் பாதைகளில் செல்லும் உரிமையைச் சட்டம் வழங்கி அப்போது மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுதும்போது ஒரு வரிச் செய்தி. ஆனால் இரும்புக்கு வேண்டாத ஒரு கீற்று நிலத்தை, அதை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாத நாளில் முழுதாக வாங்கி வைத்தவர்களின் முன்யோசனையை நான் ஜெசப்பின் திறமைக்குக் குறைவாக மதிக்கமாட்டேன்.

முழுமை குலைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று வேறெங்கும் தேட வேண்டாம். அதே மாவட்டத்தில், பேக்வெல் அருகே, 1968இல் மூடிய மற்றொரு ரயில் பாதையை 1981இல் மான்சல் டிரெயில் என்று திறந்தார்கள். ஆனால் நான்கு நீண்ட சுரங்கங்களைத் திறக்கவில்லை. ஒவ்வொரு சுரங்கவாயிலிலும் இறங்கி, மலைமேல் ஏறிச் சுற்றிப் போகவேண்டியிருந்தது. 2011இல்தான் விளக்கிட்டுச் சுரங்கங்களைத் திறந்தார்கள். அதன் பிறகே அது சைக்கிள் பாதையாயிற்று. முப்பது ஆண்டுகள்!

புகழ்ச்சியோடு நிறுத்திவிட எனக்கு விருப்பமில்லை. இந்தப் பாதைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மோட்டார் காரின் முதுகில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். மோட்டார் இல்லாத வழி ஒவ்வொன்றும் மோட்டார் நிறுத்துமிடத்திலேயே தொடங்குகிறது. பார்ஸ்லி ஹே என்னுமிடத்தில் இதனுடன் சேரும் டிஸ்ஸிங்டன் பாதையும் முன்பு ரயில் பாதைதான். 1899இல் திறந்த அந்தப் பாதையில் நாள்தோறும் ஓடிய பயணிகள் ரயிலை 1954இல் நிறுத்திவிட்டார்கள். சந்தைக்கும் பள்ளிக்கும் ரயிலில் சென்ற ஊர்களில், கார் இல்லாத கிழவர் ஒருவருக்கு நான் சைக்கிளில் உல்லாசமாகப் போவதைப் பார்த்து என்ன ஆறுதல்?

பார்ஸ்லி ஹேயை நான் அடைந்தபோது பிற்பகல். அங்கே வாடகைச் சைக்கிள் கொடுக்கும் கொட்டகை இருக்கிறது. கால் வழங்காதவர்களுக்கான வண்டிகளும் அங்கே கிடைக்கும். தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். வயது முதிர்ந்த அம்மையார் ஒருவரை இரண்டு பேரப்பிள்ளைகள் தாங்கிப் பிடித்து, மூன்று சக்கர வண்டி ஒன்றில் உட்கார வைத்தார்கள். அதற்கு மிதி கிடையாது. மார்புக்கு நேரே கையால் சுற்றும் பிடிகள் இருந்தன. அம்மையார் கையுறைகளை இழுத்துவிட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு இரண்டு கைகளாலும் பிடிகளைச் சுற்றியபடி, எவருடைய துணையுமின்றி, மினின்லோவை நோக்கி மெல்லப் போனார்.